யூ-போல்ட் போட்ட பெடல்கள்

நாமக்கல்லில் பிரவீனாவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைக் கோழித்தீவனக் கடையில் பில் போடுபவராகத் தெரியும். மீதிப் பேருக்குக் கிடார் வாசிப்பவராகத் தெரியும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது தெரிந்தவர்கள் குறைவு. பகலெல்லாம் தவிட்டு மூட்டைக்கும் சோயாப் புண்ணாக்குக்கும் நடுவில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவர், சாயங்காலம் பட்டுச் சேலை கட்டி மேடையேறிக் கிடாரை உறும விடுவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பண்ணைக்காரர் ஒருவர் கோயில் விழாவில் அவரைப் பார்த்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்து, "ஏனுங்க, உங்களுக்கு அக்கா தங்கச்சி யாராச்சும் இருக்கறாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் அவர் வாசிக்கும் குழுவில்தான் ரிதம் பேட் தட்டுகிறேன். கொல்லிமலைத் தென்றல் மெல்லிசைக் குழு. கீபோர்டு வாசிக்கும் வீரபாகு அண்ணன்தான் குழுவை நடத்துகிறார். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா என்று சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எங்கே பந்தல் போட்டாலும் எங்கள் வேன் போய் நிற்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி என் கண்ணால் பார்த்தது. மீதி பிரவீனா அக்காவே வேனில் சிரித்துச் சிரித்துச் சொன்னது.

அவர் ராசிபுரத்துக்காரர். அப்பா தறி வைத்திருந்தார். பள்ளியில் படிக்கும்போது கீபோர்டு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். அப்பா அவரைப் பஸ் ஏற்றிச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு இசை வகுப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே கீபோர்டு வகுப்பில் இடமில்லை. "கிடார்லதான் எடம் இருக்குதுங்க" என்றார் மாஸ்டர். அவ்வளவு தூரம் வந்த பஸ் பயணம் வீணாகக் கூடாது என்பது அப்பாவின் கவலை. "ரெண்டும் சத்தம் வர்றதுதானுங்களே? அதையே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் ராசிபுரத்துக்கு ஒரு கிடார் கலைஞர் கிடைத்தார்.

கல்யாணக் கதையும் இதே மாதிரிதான். பெண் பார்க்க வந்த குருமூர்த்தி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், பலகாரத்தைப் பார்த்தார்கள். குருமூர்த்தி மட்டும் சுவரில் மாட்டியிருந்த கிடாரையே பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்துபோய் அதைக் கையில் எடுத்தார். தோள்வாரை மாட்டும் திருகு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, மருந்தை உடைத்துப் போட்டுவிட்டு, குச்சியைத் துளைக்குள் செருகித் திருகை இறுக்கினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கிடாரை மறுபடி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளேயிருந்து பார்த்த பிரவீனா அப்போதே சரி சொல்லிவிட்டார்.

குருமூர்த்திக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். ஆடுவது, ஆடாதது. ஆடுவதைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கட்டில் காலை ஆட்டிப் பார்ப்பார். ஓட்டலில் மேசை ஆடினால் சாப்பிடாமல் அட்டையை மடித்து முட்டுக்கொடுப்பார். அவர் பட்டறையிலிருந்து வெளியே போன லாரியின் பாடி எதுவும் ஆடியதாகப் பேச்சில்லை.

இப்போது பெடல் விஷயத்துக்கு வருகிறேன். பெடல் என்றால் மேடையில் கிடார்காரர்களின் காலடியில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். கிடாரிலிருந்து வரும் ஒயர் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வரும். காலால் ஒரு மிதி மிதித்தால் கிடாரின் குரலே மாறிவிடும். ஒரு பெட்டி கரகரப்பாக்கும். இன்னொன்று எதிரொலி போடும். வேறொன்று தண்ணீருக்கடியிலிருந்து வாசிப்பதுபோலக் குழைக்கும். பிரவீனா அக்கா ஆசை ஆசையாக ஒவ்வொன்றாக வாங்கி ஐந்தாறு சேர்த்திருந்தார். எல்லாம் சேர்ந்து வாசித்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் மிதிக்க மிதிக்க அவை நடக்க ஆரம்பிக்கும். பாட்டு தொடங்கும்போது காலடியில் இருக்கும் பெடல், சரணம் வரும்போது ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். அக்கா வாசித்துக்கொண்டே ஒற்றைக் காலை நீட்டி அதைத் தேடுவார். கீழேயிருந்து பார்ப்பவர்கள் அதை நடனம் என்று நினைத்துக் கை தட்டுவார்கள்.

ஒருமுறை புதுச்சத்திரம் பக்கம் ஒரு விழாவில் எதிரொலிப் பெடல் நடந்து நடந்து மேடை விளிம்பைத் தாண்டி விழுந்தேவிட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அதைப் பயபக்தியோடு எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நீட்டினார். "அம்மணி, உங்க எலிப்பொறி கீழ உழுந்துருச்சுங்க."

அதன்பிறகுதான் அக்கா எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டிவிடுவது என்று முடிவுசெய்தார். பெரிய கிடார்காரர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வாங்கி ஒட்டினார். சித்திரை மாத வெயிலில் வேனுக்குள் நாள் முழுக்கக் கிடந்த டேப்பின் பசை வெல்லப்பாகாக உருகிப்போனது. பெடல்கள் தோசைக்கல்லில் வெண்ணெய் போலச் சறுக்கின. அடுத்து, தையல் கடையில் வெல்க்ரோ பட்டை வாங்கிவந்து ஒட்டினார். செருப்பிலும் பையிலும் கர்ரென்று பிரித்து ஒட்டுவோமே, அதுதான். பட்டையும் பட்டையும் ஒன்றையொன்று விடவேயில்லை. பசைதான் பெடலை விட்டுவிட்டது. கச்சேரி நடுவே பெடல் நடந்துபோக, பட்டைகள் மட்டும் பலகையில் கட்டிப்பிடித்தபடி கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுபடி டேப் ஒட்டிக்கொண்டிருந்ததைக் குருமூர்த்தி பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள பண்ணறே?"

"பெடல ஒட்டறனுங்க."

"ஒட்டறயா?" அந்தச் சொல்லே அவருக்கு வாயில் கசந்தது. "லாரிக்குப் பாடி கட்டறவன் ஊட்ல ஒக்காந்துக்கிட்டு டேப்பு போட்டு ஒட்டறே! வெளிய தெரிஞ்சா என்ற மானம் என்னாவறது?"

"உங்களுக்கு வேலை ஆயிரம் இருக்கும்னுதானுங்க சொல்லல."

"இத எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவே?"

அவர் கோபித்துக்கொண்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. அக்காவை நிற்கவைத்து, கிடாரை மாட்டச் சொல்லி, எந்தப் பெட்டியை எந்தக் காலால் மிதிப்பார், குதிகாலா நுனிக்காலா என்றெல்லாம் கேட்டுச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டார். எல்லாப் பெடல்களையும் ஒரு கோணிப்பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போனார். ஒரு வாரம் ஆனது. கேட்டால், "வருது, வருது" என்றார்.

வந்தது. குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

லாரித் தரைக்குப் போடும் செக்கர் பிளேட்டில் அடித்தளம். சுற்றிலும் இரும்பு ஆங்கிள். லாரியின் பாடியைச் சேசிஸோடு சேர்த்துக் கட்ட யூ-போல்ட் என்று ஒன்று போடுவார்கள். கம்பியை யூ மாதிரி வளைத்து, இரண்டு முனையையும் கீழே விட்டு நட்டு போட்டு முறுக்குவது. அதையே சின்னதாகச் செய்து ஒவ்வொரு பெடலுக்கும் ஒன்று போட்டிருந்தார். மிதிக்கும் இடத்துக்கும் திருகும் குமிழுக்கும் இடையில் மிகச் சரியாகப் போயிருந்தது கம்பி. அடியில் ஒவ்வொரு முனைக்கும் இரட்டை நட்டு. அது போதாதென்று போல்ட் முனையில் சுத்தியலால் ஒரு தட்டு. நட்டு தானாகக் கழன்று வரக்கூடாது அல்லவா? ஒயர்களையும் விடவில்லை. அவற்றுக்கும் கிளாம்ப் போட்டுப் பிளேட்டோடு இறுக்கியிருந்தார். பட்டறைப் பெயிண்டர் தன் பங்குக்குச் சுற்றிலும் மஞ்சள் பட்டையடித்து, இரண்டு மூலையில் தாமரைப்பூ வரைந்து, பின்பக்கம் "சவுண்ட் ஹாரன்" என்று எழுதியிருந்தார்.

"அத எழுத நான் சொல்லல புள்ள. பின்னால காலியா உட அவனுக்கு மனசு வரலயாம்" என்றார் குருமூர்த்தி.

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார். புது லாரியைச் சாவி கொடுத்து அனுப்பும் நாளில் இருக்கும் முகம். "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

பொய்யும் சொல்லிவிட முடியாது. அந்தப் பலகை மேடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அக்கா எப்படி மிதித்தாலும் ஒரு பெடலும் இம்மி நகரவில்லை. காலால் தேட வேண்டிய வேலை போனதும் அவர் வாசிப்பே மாறியது. தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். வீரபாகு அண்ணனுக்குத்தான் வேறு கவலை. வேனின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே போனது. "அம்மணி, வண்டில பாட்டுக்காரங்கள ஏத்தறதா, உங்க பலகைய ஏத்தறதா? ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்பார்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கரகரப்புப் பெடல் பழைய காலத்து உருப்படி. கரண்டில் போட்டால் இரையும். அதனால் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரியை அதன் அடிவயிற்றைத் திறந்துதான் மாற்றவேண்டும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. ஒயர் செருகியிருக்கும்வரை, யாரும் வாசிக்காவிட்டாலும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் கச்சேரி முடிந்ததும் அக்கா ஒயரை உருவிவிடுவார். இப்போது எங்கே உருவுவது? கிளாம்ப் அல்லவா போட்டிருக்கிறது!

மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சாயங்காலமே மண்டபம் நிறைந்துவிட்டது. பெண் வீட்டார் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளை ஜீவா சென்னையில் வேலை பார்ப்பவர், பாட்டுப் பைத்தியம். தான் கல்லூரியில் ஆடிய பாட்டு ஒன்றை முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பாட்டு கிடார் மட்டும் தனியாகக் கரகரத்துத்தான் தொடங்கும். அதற்கென்றே நண்பர்கள் கூட்டமாக மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். வீரபாகு அண்ணன் தலையசைத்தார். அக்கா மிதித்தார்.

கர்ர் என்று வந்தது. பிறகு கொர்ர் என்று இறங்கியது. பிறகு சளி பிடித்த ஆடு கத்துவதுபோல ஒரு சத்தம். அதன்பிறகு ஒன்றுமில்லை. நடுவில் ஒரு பெடல் செத்தால் வரிசையே செத்த மாதிரிதான்.

"சிறிய தொழில்நுட்பக் கோளாறு" என்று வீரபாகு அண்ணன் மைக்கில் சொல்லிவிட்டு, மைக்கை மூடிக்கொண்டு, "என்னாச்சு சாமி?" என்றார்.

"பேட்டரிங்கண்ணா."

"மாத்துங்க."

"மாத்தோணும்னா கழட்டோணும்."

"கழட்டுங்க."

அக்கா பலகையைக் காட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார். தாமரைப்பூ அவரைப் பார்த்தது. "நேரா சவுண்டு மிக்சர்ல குத்தி வாசிங்க" என்றார். அக்கா கைவசம் இருந்த வேறு ஒயரைச் செருகி வாசித்தார். டீ கிளாஸில் கரண்டியால் தட்டியதுபோல மெல்லிசாக ஒலித்தது. மாப்பிள்ளை மேடையோரம் வந்து, "அக்கா, அந்தக் கர்ர்ர் வரலீங்களே?" என்றார், பொம்மை உடைந்த குழந்தை மாதிரி.

அக்கா குருமூர்த்திக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பதிமூணாம் நெம்பர் ஸ்பேனர் ரெண்டு வேணும்" என்றது போன். "ஒண்ணுல புடிச்சுக்கிட்டு ஒண்ணுல திருப்போணும். ஆனா புள்ள, அது கழராது."

"ஏனுங்க?"

"கழரக்கூடாதுன்னுதானே போட்டது?" குரலில் அத்தனை பெருமை.

இதற்குள் பெண்ணின் சித்தப்பா அங்கமுத்து மேடையேறிவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். "என்ன சாமி, நட்டு கழரலியா? ஆயிரம் அடிக்குக் கீழ மாட்டுன பைப்பயே கழட்டறவங்க நாங்க. சித்த நவுருங்க." வெளியே நின்ற வண்டியிலிருந்து டூல்ஸ் பெட்டி வந்தது. அதிலிருந்து என் கை நீளத்துக்கு ஒரு பைப் ரிஞ்சு வெளியே வந்தது. நாலைந்து ரிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் குந்தினார்கள். பலகையைக் கவிழ்த்தார்கள். மேடை ஒருமுறை அதிர்ந்து நின்றது.

அதன்பிறகு கல்யாணக் கூட்டம் முழுவதும் அங்கேதான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மண்ணெண்ணெய் ஊற்று என்றார் ஒருவர். சூடு காட்டு என்றார் இன்னொருவர். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளையும் சம்மணம் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். ரிஞ்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. அலங்கார நாற்காலியில் தனியாக விடப்பட்ட பெண் பிரீத்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மாலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சித்தப்பா, அது ரெட்ட நட்டுங்க. உள் நட்டப் புடிச்சுக்கிட்டு வெளி நட்ட மட்டும் திருப்புங்க."

"அட, ஆமா கண்ணு!" என்றார் அங்கமுத்து. மறுநிமிடம் கிணீர் என்று ஒரு நட்டு தெறித்துப் பன்னீர்ச் செம்புத் தட்டில் போய் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கிணற்றில் தண்ணீர் வந்தபோதுகூட அவர்கள் அப்படிச் சத்தம் போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

பேட்டரி மாற்றிய பிறகு அக்கா வாசித்த வாசிப்பு இருக்கிறதே, அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டிருக்காது. கிரீஸ் பட்ட வெள்ளைச் சட்டைகளோடு ரிக்காரர்களும் ஆடினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள். அக்கா மட்டும் சிரிக்கவேயில்லை. அதை நான் கவனித்தேன்.

பந்தி நடக்கும்போது குருமூர்த்தி வந்து சேர்ந்தார். மனசு கேட்காமல், இரண்டு ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து டூ வீலரிலேயே வந்துவிட்டார். நேராகப் பலகையிடம் போனார். ரிஞ்சு கவ்விக் கவ்வி மழுங்கிக் கிடந்த நட்டுகளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "யாருங்க என்ற நட்டக் கடிச்சு வெச்சது?"

"நீங்கதானுங்களா இதப் போட்டது?" அங்கமுத்து பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கும்புடோணுமுங்க உங்கள. வாங்க, சாப்புட்டுக்கிட்டே பேசலாம்."

பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டார்கள். எதிர்ப் பந்தியில் பிரவீனா அக்காவும் நாங்களும். அங்கமுத்து ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு பாராட்டு வைத்தார். எந்தக் கம்பி, எந்த அளவு நட்டு, எங்கே தட்டினீர்கள் என்று கேட்கக் கேட்கக் குருமூர்த்தி மலர்ந்துகொண்டே போனார். கடைசியில் அங்கமுத்து, "லாரியே கவுந்தாலும் இது கழராதுங்க!" என்றார்.

"கழரோணுமுங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் ரச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். பந்தியே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"இது லாரி இல்லீங்க மாமா" என்றார் குருமூர்த்தியைப் பார்த்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் மிதிக்கறப்ப அது அசையக்கூடாது. நான் எடுக்கறப்ப கையோட வரோணும். எனக்கு ரெண்டும் வேணுமுங்க. நீங்க பாதிதான் பண்ணிக் குடுத்திருக்கறீங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும். உங்க மூஞ்சியப் பாத்து வாய் வரல."

குருமூர்த்தி இலையைப் பார்த்தபடி இருந்தார். ரசம் வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாரா இல்லையா என்று பரிமாறுபவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு அக்கா அவர் வண்டியிலேயே வீடு திரும்பினார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குருமூர்த்தி கேட்டாராம். "அப்ப, கழரோணும்கற."

"ஆமாங்க."

"ஆனா கழரக்கூடாது."

"ஆமாங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாவம், இருபது வருஷமாக அந்த மனிதருக்குக் கழன்று வருவதென்றால் தோல்வி. யாராவது ஒருவர் பொருள் கழன்று வரவேண்டும் என்று கேட்பார் என்றே அவர் நினைத்ததில்லை. அதிலிருந்து அவர் கண்ணில் படுவதெல்லாம் பிடித்துக்கொண்டு விடுகிற சாமான்களாகவே இருந்தன. பாத்திர மூடி, குடைக் கம்பி, தார்ப்பாய்க் கொக்கி, பிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தம். ஒவ்வொன்றையும் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்ப்பார். பிரிட்ஜில் இருந்த பால் திரிந்துபோனது அப்படித்தான்.

அவர் அம்மா மாரக்காளுக்கு முழங்கால் வலி. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மாரக்காள் கையில் சுற்றிக் காற்றடித்தார். பட்டை உப்பியது, விறைத்தது, ஆனால் பிரியவில்லை. பார்த்து முடித்ததும் நர்ஸ் ஒரு ஓரத்தைப் பிடித்துக் கர்ரென்று இழுத்தார். வந்துவிட்டது. குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், இன்னொருக்கா மாட்டுங்க."

"அம்மாவுக்கு நார்மலாதாங்க இருக்கு."

"அது இருக்கட்டுமுங்க. மாட்டிக் கழட்டுங்க. ஓரத்துல புடிச்சு இழுத்தா வருது, நேரா இழுத்தா வரமாட்டீங்குது, பாத்தீங்களா? இது எத்தன தடவ கழட்டி மாட்டலாமுங்க?"

"ஐயா, நீங்க கைய நீட்டுங்க. உங்களுக்குத்தான் பாக்கணும் போல" என்றார் நர்ஸ்.

மாரக்காள் வீட்டுக்கு வந்து மருமகளிடம், "உன்ற புருசன் டாக்டர் ஊட்ல மானத்த வாங்கிப்போட்டான் சாமி. பட்டைய மாட்டு கழட்டுன்னு அந்தப் புள்ளையப் போட்டுப் படுத்தி எடுத்துட்டான்" என்று புகார் சொன்னார்.

"அதத்தான் நான் மொதல்லயே போட்டனுங்களே" என்றார் அக்கா குருமூர்த்தியிடம். "பசை உட்டுருச்சு."

"பட்டை உட்டுச்சா, பசை உட்டுச்சா?"

"பசைதானுங்க."

"அப்பப் பட்டை மேல தப்பில்ல" என்றார் அவர். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

லாரி கேபினுக்கு ரெக்சின் சீட் போடுபவர்கள் ஒரு பசை வைத்திருப்பார்கள். ராஜஸ்தான் வெயிலில் நின்றாலும் இளகாது. குருமூர்த்தி அதில் ஒரு டப்பா வாங்கிவந்தார். இந்தமுறை பட்டறையில் அல்ல, வீட்டிலேயே, அக்கா எதிரிலேயே வேலை நடந்தது. பெடல்களின் அடியிலிருந்த ரப்பர்க் கால்களைக் கழற்றினார். எமரித் தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, சற்று உலரவிட்டு, பட்டையை வைத்து உருளைக்கட்டையால் உருட்டினார். அடிப்பலகைக்குச் செக்கர் பிளேட் இல்லை, லேசான பிளைவுட். ஒருநாள் முழுக்கக் காயவைத்த பிறகு, "இப்ப எடுத்துப் பாரு" என்றார்.

அக்கா கரகரப்புப் பெடலைப் பிடித்து இழுத்தார். பலகையே எழுந்து வந்தது. குலுக்கினார். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். அத்தனை பெடல்களும் வௌவால்கள் மாதிரித் தொங்கினவே தவிர ஒன்றும் விழவில்லை. பெடலின் அடி முழுக்க, பலகையின் மேல் முழுக்க, ஓர் இடம் விடாமல் பட்டை ஒட்டியிருந்தார் குருமூர்த்தி. அவர் முகத்தில் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. அக்கா தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"ஓ" என்றார். "வரலியா?"

அக்கா கத்திரிக்கோலை எடுத்துவந்தார். மாரக்காள் பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, குருமூர்த்தி மறுபக்கம் பிடிக்க, முக்கி முக்கி ஒவ்வொரு பெடலாகப் பிய்த்தெடுத்தார்கள். பெடலின் அடியில் இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்குப் பட்டையை விட்டுவிட்டு, மீதியை அக்கா வெட்டிச் சுரண்டி எடுத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் குருமூர்த்தி, "இவ்வளவு போதுமா? புள்ள, இவ்வளவு போதுமா?" என்று பதறினார். போதுமாக இருந்தது. மிதித்தால் அசையவில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கர்ரென்று வந்தது. அக்கா எடுத்தார், வைத்தார், எடுத்தார், இடம் மாற்றி வைத்தார். முன்பு கடைசியில் இருந்ததை முதலில் வைத்து வாசித்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் அதே விளையாட்டு.

ஒன்றில் மட்டும் குருமூர்த்தி விட்டுக்கொடுக்கவில்லை. காலை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தும் பெரிய பெடல் ஒன்று உண்டு, கிடாரைக் குழந்தை மாதிரி அழவைக்கும். "அது கனமானது புள்ள. அதுக்கு ஒரே ஒரு போல்ட்டு. கையாலயே திருகற நட்டு போட்டுத் தாரேன். ஸ்பேனரே வேண்டாம்." அவர் கேட்ட விதத்தைப் பார்த்து அக்கா ஒப்புக்கொண்டார். பழைய இரும்புப் பலகையை மாரக்காள் தண்ணீர் டிரம் வைத்துக்கொள்ள எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பட்டறைக்கு ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிடார்காரர்கள் சிலர் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறார்கள். லாரிகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் அவர்களை உட்காரவைத்து, "எதெத தெனமும் எடுப்பீங்க, எது அங்கயே கெடக்கும்?" என்று குருமூர்த்தி முதலில் கேட்டுக்கொள்கிறார். அதன்பிறகுதான் அளவு நாடா வெளியே வருகிறது.

போன மாதம் ராசிபுரத்தில் எங்கள் கச்சேரி. அக்காவின் சொந்த ஊர். தறிக்காரர்கள், சொந்தக்காரர்கள், பள்ளியில் கூடப் படித்தவர்கள் என்று ஏகக் கூட்டம். வீரபாகு அண்ணன் நடுவில் பாட்டு வரிசையை மாற்றிவிட்டார். அக்கா பதறவில்லை. அடுத்த பாட்டுக்கு அறிவிப்பு நடக்கும் நேரத்துக்குள் குனிந்து இரண்டு பெடல்களை இடம் மாற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசித்தார். கடைசிப் பாட்டில் தனியாக நீளமாக ஒரு வாசிப்பு வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கால் மட்டும் தானாகப் போய்ச் சரியான பெட்டியில் இறங்கி ஏறியது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

குருமூர்த்தி முன்வரிசையில் இருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பத்திலிருந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் யாரென்று தெரியாமல், "அந்தம்மா என்னமா வாசிக்கறாங்க, பாத்தீங்களா!" என்றார்.

"ஆமாங்க" என்றார் குருமூர்த்தி கண் கலங்க. "ஒண்ணுகூட ஆடலீங்க."